கல்மீன்: அழுத்துவது நம் கால்தான்

கல்மீன் என்பது கடலடியில் கல்போலக் கிடக்கும், முதுகில் நஞ்சு முட்கள் உள்ள மீன். "கல்மீன் கொட்டிவிட்டது" என்று சொல்வது பேச்சு வழக்கு. நடப்பது வேறு. தேள் வாலை வளைத்துக் கொட்டும், பாம்பு சீறிக் கடிக்கும், திருக்கைகூட வாலைச் சுழற்றி அடித்துவிட்டு ஓடும். கல்மீன் இது எதையும் செய்வதில்லை. ஆள் வருவது தெரிந்தாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். முதுகு முட்களை விறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். முள்ளைச் சதைக்குள் இறக்குவது மேலிருந்து விழும் காலின் எடை. நஞ்சுப் பையைப் பிழிவதும் அதே எடைதான். சிரிஞ்சு மீனுடையது, பிஸ்டனை அழுத்துவது நாம். கடலில் எப்படி நடக்க வேண்டும், மீனை எப்படிக் கையாள வேண்டும், எத்தனை முள் குத்தியது என்று மருத்துவர் ஏன் கேட்கிறார் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே விளங்கிவிடும்.

அடிக்கடி பேசப்படுபவை இரண்டு இனங்கள். பவளப்பார்களில் இருப்பது சினான்சியா வெருகோசா. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கி இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவி, பசிபிக்கில் பிரெஞ்சு பாலினீசியா வரை இது உண்டு. நம் மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் எல்லாம் இதன் எல்லைக்குள்தான். இன்னொன்று சினான்சியா ஹோரிடா. கழிமுகம், சேறு, கலங்கல் நீர் அதற்குப் பிடிக்கும். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இருக்கிறது. இரண்டையும் பிரித்தறியக் கண்ணைப் பார்க்க வேண்டும். ஹோரிடாவுக்குக் கண்கள் இரண்டும் மேடேறி நிற்கும், நடுவில் எலும்பு வரப்பு ஓடும், கண்ணுக்குக் கீழே ஆழமான குழி இருக்கும். வெருகோசாவின் முகம் அதைவிடத் தட்டை. கடித்துக் குதறிய பனங்கொட்டை மாதிரி முகம் என்றால் இரண்டுக்குமே பொருந்தும்.

பெரும்பாலும் ஒரு முழத்துக்குக் குறைவு, 30 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். உடம்பில் செதில் கிடையாது. தடித்த தோல், அதன்மேல் மருக்கள், மருக்களிலிருந்து கசியும் வழவழப்பு. அந்த வழவழப்பில் மண் ஒட்டும், பாசி முளைக்கும். மாதக்கணக்கில் அசையாத கல்லின்மேல் என்னென்ன படருமோ அத்தனையும் இதன்மேலும் படரும். பாரம் கூடிப்போனால் மேல்தோலை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மணல் தரையானால் பக்கத் துடுப்புகளை முறம்போல வைத்து மணலை வாரித் தள்ளிப் பள்ளம் பறித்து இறங்கிவிடும். கண்ணும் வாயும் மட்டும் வெளியே. வாய் மேல்நோக்கித் திறக்கும். மூடியிருக்கும்போது பாறையில் விழுந்த விரிசல் போலத் தெரியும். சின்ன மீனோ இறாலோ எதிரே வந்ததும் வாயைப் பிளந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் போதும் அதற்கு. இத்தனை வேகம் உள்ள மீன் நம்மைக் கண்டு விலகாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமல்ல. ஒளிந்து வேட்டையாடுகிற மீன் அசைந்தால் வேஷம் கலைந்துவிடும். முதுகில் முள் இருக்கும்போது அது ஏன் விலக வேண்டும்?

ஒரு விஷயத்தைத் திருத்திவிடலாம். இரை பிடிக்க நஞ்சு பயன்படுவதே இல்லை. நஞ்சு முழுக்கத் தற்காப்புக்கு. தரையை மேய்ந்து வரும் திருக்கைக்கும் சுறாவுக்கும் எதிராக வைத்திருக்கும் ஆயுதம். மனிதக் கால் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது. ஸ்டோக்ஸ் கடற்பாம்பு என்றொரு பருத்த பாம்பு இந்த மீனையே பிடித்துத் தின்னும் என்பதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய ஆயுதத்துக்கும் அசராத ஒரு ஆள் எங்காவது இருக்கத்தான் செய்கிறது.

இப்போது முள்ளைக் கிட்டத்தில் பார்ப்போம். முதுகில் பொதுவாக 13 முட்கள். அடிவயிற்றுத் துடுப்புக்கு ஒன்றாக இரண்டு, வால் பக்கம் கீழ்த்துடுப்பில் மூன்று. எல்லாம் நஞ்சு முட்களே. ஆனால் அடியில் இருப்பவை தரையைப் பார்த்தபடி இருப்பதால் மிதிப்பவருக்கு வேலை வைப்பது முதுகு முட்கள்தான். சிங்க மீனின் முள் நீளம், மெலிவு. கல்மீனின் முள் கட்டை குட்டை, சாக்கு தைக்கும் கோணி ஊசி மாதிரி உறுதி. மெல்லிய ரப்பர் செருப்பை அது துளைத்துவிடும். ஒவ்வொரு முள்ளின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. முள்ளின் நடுப்பகுதியில் பள்ளத்துக்கு ஒன்றாக இரண்டு நஞ்சுப் பைகள், கதிர்போல நடுவில் பருத்து முனையில் ஒடுங்கி இருக்கும். முள், பை எல்லாவற்றையும் மூடித் தடித்த தோலுறை. வெளியிலிருந்து பார்த்தால் முள் இருப்பதே தெரியாது, வரிசையாய் மருக்கள் மட்டுமே தெரியும்.

கால் பட்டதும் முள்முனை தோலுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறுகிறது. உறை கீழே தள்ளப்பட்டு, கழற்றிய காலுறைபோலச் சுருண்டு, பைகளை இறுக்குகிறது. அழுத்தம் தாங்காமல் நஞ்சு மேல்நோக்கிப் பீச்சி, பள்ளங்கள் வழியாகக் காயத்தின் ஆழத்துக்குப் போகிறது. முள் எவ்வளவு ஆழம் இறங்கியதோ, உறை எவ்வளவு சுருண்டதோ, அவ்வளவு நஞ்சு. ஓரமாய் உரசியவருக்கும் முழு எடையோடு குதித்தவருக்கும் ஒரே மீன் வேறு வேறு அளவில் கொடுப்பது இதனால்தான். ஒரு முள்ளில் 5 முதல் 10 மில்லிகிராம் நஞ்சு இருக்கும். காலியான பை சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும்.

கன்னத்திலும் ஓர் ஆயுதம் இருக்கிறது. அதை இவ்வளவு காலம் யாரும் கவனிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பிலிருந்து கத்திபோல ஒரு முள்ளை வெளியே திருப்பிப் பூட்டி நிறுத்த இந்தக் குடும்பத்து மீன்களால் முடியும் என்று கேன்சாஸ் பல்கலைக்கழகத்தின் லியோ ஸ்மித் குழு 2018-இல் எழுதியது. முதுகைவிட்டுத் தலையைப் பிடித்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நஞ்சு என்பது ஒற்றைப் பொருள் அல்ல, புரதங்களின் கலவை. சதையைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைத்து மற்றவற்றுக்கு வழிவிடும் நொதி ஒன்று அதில் உண்டு. முக்கியமான ஆள் ஸ்டோனஸ்டாக்ஸின். இரண்டு துண்டுகள் சேர்ந்த புரதம் இது, செல்களின் சவ்வில் துளை போடும். அதன் வடிவத்தை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2015-இல் அணு அணுவாகப் படம்பிடித்தார்கள். நம் உடலின் எதிர்ப்புச் செல்கள் நோயுற்ற செல்களைத் துளைக்கப் பயன்படுத்தும் பெர்ஃபோரினுக்கு இது தூரத்து உறவு என்று தெரிந்தது. நமக்கு இங்கே வேண்டிய செய்தி ஒன்றுதான்: இந்தப் புரதங்கள் சூடு தாங்காதவை.

குத்தியவுடன் வலி தொடங்கும். சில நிமிடங்களில் ஏறும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நம்மூரில் கடுப்பு என்போமே, அந்தச் சொல்தான் இதற்குப் பொருந்தும். காலில் குத்தினால் கடுப்பு தொடையிடுக்கு வரை ஏறும், நெறிகட்டும். குத்திய இடம் வெளிறி நீலம் பாய்ந்து நிற்க, சுற்றிலும் வீக்கம் பரவும். வியர்வை, குமட்டல், மயக்கம் வரலாம். நஞ்சு அதிகம் ஏறியிருந்தால் ரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு தடுமாறும், நுரையீரலில் நீர் கோக்கும். தென்னாப்பிரிக்க மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித், அழிந்துபோனதாக நினைத்திருந்த சீலகாந்த் மீனை உலகுக்கு அடையாளம் காட்டியவர், 1950-இல் மொசாம்பிக்கின் பிண்டா பகுதியில் கட்டைவிரலில் இதன் முள் வாங்கினார். மறு ஆண்டு அதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்.

"குத்தினால் இரண்டு மணி நேரத்தில் மரணம்" என்று யூடியூபில் ஓடுவதை அப்படியே நம்ப வேண்டாம். சாவு நேர்ந்திருக்கிறது, ஆனால் அரிது. முதலுதவியும் மருத்துவமனையும் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். இந்த மிரட்டலால் நல்லது நடப்பதில்லை. பதற்றத்தில் கயிற்றைக் கட்டுவதும் பிளேடால் கீறுவதுமாக, மீன் செய்யாததை மனிதர்கள் செய்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது வெந்நீர். முதலில் ஆளைத் தண்ணீரைவிட்டு வெளியே கொண்டுவர வேண்டும். வலியில் மயங்கி முழங்கால் ஆழத்தில் மூழ்குவதுதான் உண்மையான முதல் ஆபத்து. காயத்தைக் கழுவி, மேலாக நீட்டிக்கொண்டிருக்கும் முள்துண்டு இருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு, குத்திய காலையோ கையையோ தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்க வேண்டும். 45 டிகிரி செல்சியஸ் உச்சவரம்பு. நேரம் 30 முதல் 90 நிமிடம்.

கடற்கரையில் வெப்பமானிக்கு எங்கே போவது? மருத்துவமனையைவிட டீக்கடை எப்போதும் பக்கத்தில் இருக்கும். பாய்லரில் கொதிநீர் இருக்கும். நம் ஊர் வெயிலில் பச்சைத் தண்ணீர் 30 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். கொதிக்கிற நீர் ஒரு செம்புக்குப் பச்சைத் தண்ணீர் நான்கு செம்பு ஊற்றினால் 44 டிகிரி வரும். நான்கை மூன்றாகக் குறைத்தால் 47-ஐத் தாண்டிவிடும், அது கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கணுக்கால் மூழ்க இரண்டு செம்புக்கு எட்டு என்ற கணக்கு போதும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆறத் தொடங்கும். அப்போது காலை வெளியே எடுத்துவிட்டு, கொதிநீர் கொஞ்சம் ஊற்றி, கலக்கி, சூடு பார்த்துப் பிறகு காலை விட வேண்டும். கால் உள்ளே இருக்கும்போது கொதிநீரை ஊற்றக் கூடாது.

சூட்டைப் பார்ப்பது குத்துப்பட்டவரின் வேலை அல்ல. அந்தக் கடுப்பில் அந்தக் காலுக்குச் சூடு உறைக்காது. இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்பார். 49 டிகிரி தண்ணீரில் சில நிமிடங்களிலேயே தோல் வெந்துவிடும். அதனால் உதவிக்கு நிற்பவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். குத்துப்படாத காலையும் அதே வாளியில் வைக்கச் சொல்வது இன்னும் நல்லது. நல்ல கால் தாங்காத சூடு மற்றக் காலுக்கும் வேண்டாம். வெந்நீர் புரதத்தைக் குலைத்து நஞ்சை அடக்குகிறது என்பது பழைய விளக்கம். ஆழத்தில் இருக்கும் சதை அந்த அளவு சூடாகுமா என்ற கேள்வி இருக்கிறது. சூடு நரம்பின் வலிச் செய்தியையே மறிக்கிறது என்போரும் உண்டு. விளக்கம் எதுவானாலும் வாளிக்குள் கால் போனதும் முகத்தில் மாற்றம் தெரியும். வெளியே எடுத்ததும் கடுப்பு திரும்பினால் மறுபடி முக்கலாம்.

கயிறோ துணியோ இறுக்கிக் கட்டக் கூடாது. பாம்புக்கடிக்குச் சில நாடுகளில் சொல்லப்படும் அழுத்தக் கட்டும் இதற்குப் பொருந்தாது. இந்த நஞ்சு இருக்குமிடத்தில் சதையை அழிக்கும். அங்கேயே அடைத்து வைத்தால் வலியும் அழிவும் கூடும். கீறி ரத்தம் வடிய விடுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸ் வைப்பதும் தவறு. சுளுக்குக்கு ஐஸ் என்று பழகிய கை இதிலும் தானாக அங்கே போகும்.

வெந்நீரில் வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. வாளியைத் தூக்கிக்கொண்டே போகலாம். வெந்நீருக்காக வண்டியைக் காக்க வைக்க வேண்டாம். அங்கே சொல்ல வேண்டியவை: எத்தனை துளை, எத்தனை மணிக்குக் குத்தியது, காயம் கடல்நீரில் பட்டது, எவ்வளவு நேரம் வெந்நீர் வைத்தீர்கள். கடல்நீர் என்று சொல்வது முக்கியம். விப்ரியோ போன்ற கடல் பாக்டீரியாவுக்கு ஏற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்க அது உதவும். சர்க்கரை நோய், ஈரல் கோளாறு உள்ளவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீழ் அவர்களுக்குச் சீக்கிரம் பிடிக்கும். டெட்டனஸ் வராமல் தடுக்க டி.டி. ஊசி போடுவார்கள். முள்துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுப்பார்கள். ஆறிய காயம் மூன்றாம் வாரம் மறுபடி வீங்குகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே ஒடிந்த முள்தான் காரணம். வலி அடங்காவிட்டால் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அதன்பிறகு காலை வெந்நீரில் வைக்கவே கூடாது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும்.

விஷமுறி மருந்து இருக்கிறது, ஆஸ்திரேலியாவில். சால் வீனர் உருவாக்க, காமன்வெல்த் சீரம் ஆய்வகம் 1959-இல் அதைக் கொண்டுவந்தது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஒரு குப்பியில் 2000 அலகு, 20 மில்லிகிராம் நஞ்சை அடக்கும். முன்னே சொன்ன கணக்கோடு பொருத்திப் பாருங்கள்: ஒரு முள்ளுக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம், ஆக ஒரு குப்பி இரண்டு முள்ளுக்கு. துளை ஒன்றிரண்டு என்றால் ஒரு குப்பி, மூன்று நான்கு என்றால் இரண்டு, அதற்கு மேல் மூன்று. மருத்துவர் காலில் துளைகளை எண்ணுவது இதற்காகத்தான். குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம். அதை முறிக்கும் அட்ரினலின் மருந்து பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இந்த மருந்து தயாராவதில்லை. நம் மருத்துவமனைகளில் இருப்பது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கான மருந்து. அது கல்மீன் நஞ்சை ஒன்றும் செய்யாது. "விஷ ஊசி போடுங்கள்" என்று சண்டை போட்டு அதைப் போட்டுக்கொண்டால் பலன் இல்லை, ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிஞ்சும். நமக்கு வெந்நீர், வலிமருந்து, கண்காணிப்பு இவைதான் சிகிச்சை. பெரும்பாலோருக்கு அது போதும்.

பயணிகள் எப்போதோ ஒருநாள் கடலில் கால் வைப்பவர்கள். நம் கரையில் தினமும் பாரில் கையும் காலும் வைப்பவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். ராமேசுவரம், பாம்பன் பக்கம் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்க முழுகுகிறவர்கள் விரல்களில் துணி சுற்றிக்கொள்வது கல் கிழிக்காமல் இருக்கத்தான். முள்ளைத் தடுக்க அது காணாது. அடுத்தது வலையின் மடியில் சிக்கிய மீனைக் கொட்டியதும் குவியலைக் கையால் பிரிப்பவர்கள். இந்த மீன் ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். செத்தாலும் முள்ளில் நஞ்சு வீரியத்தோடு இருக்கும். பாசி படர்ந்த கல் ஒன்று குவியலில் கிடந்தால் கையால் எடுத்து எறியாமல் குச்சியால் புரட்டிப் பார்ப்பது நல்லது. துணிக் கையுறையை நம்ப வேண்டாம்.

இதே குடும்பத்துச் சொந்தங்கள் இன்னும் நிறைய உண்டு. 2020-இல் சேதுக்கரை கடலில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல்புல் ஆய்வின்போது அரிய தேள்மீன் ஒன்றைக் கண்டார்கள்; முதலில் பவளத் துண்டு என்றே நினைத்தார்கள். தொந்தரவு செய்ததும் வெள்ளையாகக் கிடந்தது நிறம் மாறியது. தேள்மீன், சிங்க மீன், கெளிறு, ஒரா, திருக்கை எது குத்தினாலும் முதலுதவி அதே வெந்நீர்தான். எனவே குத்தியது எது என்று தேடிப் பிடிக்கக் கடலுக்குள் மறுபடி இறங்க வேண்டாம்.

திருக்கைக்குப் பயந்து காலைத் தரையோடு இழுத்து நடப்பது பழைய வழக்கம். அதிர்வு கேட்டுத் திருக்கை ஓடிவிடும், கல்மீன் ஓடாது. ஆனாலும் இழுத்து நடப்பதில் லாபம் உண்டு. பக்கவாட்டில் இடிக்கும் பாதம் முழு எடையை முள்ளின்மேல் இறக்காது, உறை சுருளாது. குதித்து இறங்குவதுதான் மோசம். படகிலிருந்து இடுப்பளவு நீரில் தொப்பென்று குதிக்காமல், விளிம்பைப் பிடித்து மெல்லக் காலை ஊன்றலாம். அடி தடித்த காலணி வேண்டும். அதுவும் முழுக் காப்பல்ல, முள் இறங்கும் ஆழத்தைக் குறைக்கும். வற்றுநேரத்தில் கல்லும் இடிபாடும் நிறைந்த குட்டைகளைத் தவிர்க்க வேண்டும். மூழ்குபவர்கள் தடுமாறும்போது பாறையைப் பிடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். பவளத்துக்கும் அதுவே நல்லது.

மீன் தெரிய வேண்டுமானால் கல்லைத் தேடக் கூடாது, வாயைத் தேட வேண்டும். கவிழ்த்த பிறைபோல ஒரு கோடு, அதன் இரு பக்கமும் விசிறியாக விரிந்த பக்கத் துடுப்பின் விளிம்பு. கல்லுக்கு இடமும் வலமும் ஒத்திருக்காது, மீனுக்கு ஒத்திருக்கும். அந்த ஒப்புமை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது கல்லாகத் தெரியவே தெரியாது.

இதைத் தின்கிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. ஹாங்காங்கில் சூப் வைக்கிறார்கள், ஒகினாவாவில் பச்சையாகவே மெல்லிசாய் அரிந்து பரிமாறுகிறார்கள். சதை வெள்ளை, கெட்டி, முள் குறைவு. நஞ்சு சதையில் இல்லை, முட்பைகளில் மட்டும். முதுகுத் துடுப்பை இருபுறமும் தோலோடு ஆழமாகக் கீறி, வால் பக்கத்திலிருந்து தலை நோக்கி ஒரே பட்டையாக எடுத்துவிடுவார்கள். அப்புறம் கீழ்முட்கள், கடைசியில் கசக்கும் மருத்தோல். வெட்டிய பட்டையை அப்படியே குப்பையில் போட்டால் குப்பை அள்ளுபவர் கையில் ஏறும். மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கட்டிவிட வேண்டும்.